ஓடக்கூடாத இயந்திரம்

மெக்கானிக் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஊரார் வீட்டுச் சலவை இயந்திரங்களையெல்லாம் ஓடவைப்பவர், தன் வீட்டு இயந்திரம் ஓடுகிறது என்று தெரிந்ததும் ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினார்.

"அப்பா, பெல்ட் மாத்திட்டேன்!" மகள் சமையலறை மூலையில் ஸ்குரூடிரைவரோடு நின்றாள். "நீங்க தொடவே மாட்டேங்கறீங்களேன்னு நானே பார்த்துட்டேன்."

"ஏது பெல்ட்?"

"உங்க டப்பாவிலேருந்துதான். புதுசா இத்தனை வெச்சுக்கிட்டு ஏம்ப்பா ஒண்ணைக்கூட மாட்டல?"

"இன்னிக்கு மாட்டினா அது இன்னிக்கு விலை பெல்ட். அடுத்த வருஷம் மாட்டினா ரெட்டிப்பு விலை பெல்ட்டும்மா!"

மகள் இதைப் புரிந்துகொள்ள உண்மையாகவே முயன்றாள். முடியவில்லை. "சரி, ஏன் தடதடன்னு அடிக்குது? உள்ள ஒரு போர்வை மூட்டை இருந்துச்சு. அழுக்குத் துணின்னு அப்படியே ஓட விட்டேன்."

ஏன் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். மூட்டைக்குள் இருந்தது சோப்பு.

போன மாதம்தான் அவர் மனைவி சின்ன அறையில் கூரை வரை அடுக்கியிருந்த சோப்புப் பெட்டிகளை அகற்றி, அந்த அறையை மகளுக்குக் கொடுத்திருந்தாள். "எல்லாத்தையும் தானம் பண்ணிட்டேன். இனிமே ஒரு சோப்பு இந்த வீட்டுக்குள்ள வந்தாலும் இவளை நானே ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்றாள். மகளைத் தினமும் பார்க்கவேண்டும் என்பதற்காக அவர் சத்தியம் செய்தார். நேற்று கடைக்காரர், "சோப்பு விலை ஏறப்போகுது அண்ணே" என்றார். சத்தியம் வாயோடு சரி, கை கேட்கவில்லை. ஓடாத இயந்திரத்தைவிடப் பத்திரமான இடம் வீட்டில் ஏது? உறையைக் கூடப் பிரித்துத்தான் வைத்திருந்தார். காற்றுப்பட்டு ஈரம் வற்றிய சோப்பு இறுகிப்போகும், மெல்லக் கரையும், கூடுதல் நாள் வரும்.

"அப்பா, நுரை இவ்ளோ வரணுமா?"

கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளை. அவர் பாய்ந்து சுற்றலை நிறுத்தி, தண்ணீரை வெளியேற்றும் பொத்தானை அழுத்தினார். பம்ப் தண்ணீரைத்தான் தள்ளும். நுரை பெரும்பாலும் காற்று. பம்பின் இறக்கை அதைத் தயிர் மாதிரி கடைந்தது. சோப்புத்தூள் போடும் தட்டு வழியாக நுரை பொங்கி வழிந்தது.

"வினிகர் எடு!"

ஊற்றினார். நுரை பொசுக்கென்று அடங்கியது. மகள் கைதட்டினாள்.

"எப்படிப்பா?"

"புளிப்பு பட்டா சோப்புல இருக்கிற கொழுப்பு தனியா பிரிஞ்சிடும். நுரைக்காது." சொல்லி முடித்தபோதுதான் மீதியும் நினைவுக்கு வந்தது. பிரிந்த கொழுப்பு மெழுகாகத் திரண்டு குழாயை அடைக்கும். அடைத்துவிட்டது. பம்ப் முனகி நின்றது.

மகள் தட்டிலிருந்த வெள்ளைக் கட்டியை முகர்ந்து பார்த்தாள். "சோப்பா? மறுபடியுமா?"

"உனக்குத் தெரியாதும்மா. நான் ஸ்கூல் படிக்கும்போது காலையில ஒரு விலை, சாயந்தரம் ஒரு விலை. ஒரு சோப்பை நூலால அறுத்து நாலு துண்டா வித்தாங்க. வரிசையில என் முறை வந்தப்ப நூல் மட்டும்தான் மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. "நாங்களும் விலை ஏற ஏறத்தான் வளர்ந்தோம். எதுவும் சொந்தமாக் கிடைக்காதுன்னு எதையும் வாங்க ஆசைப்படறதையே விட்டுட்டோம். நீங்க எல்லாத்தையும் வாங்கறீங்க. ரெண்டுமே ஒரே பயம்தானோ?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி வருவதற்குள் சோப்பை எடுத்தாகவேண்டும். தண்ணீர் வடியாமல் கதவு திறக்காது. கடைக்குப் போனால் அவள் கீழ் வீட்டில் நின்று பேசிவிட்டுத்தான் மாடியேறுவாள் என்பது ஒன்றே ஆறுதல். அவர் குனிந்து அடியிலிருந்த வடிகட்டி மூடியைத் திருகினார். பக்கெட் வைக்கவேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்வார். இன்று அவருக்குச் சொல்ல யாருமில்லை. மூடி கழன்றது. தண்ணீர் முழுவதும் தரையில் பாய்ந்து, குழாய் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழே போனது. பூட்டு விடுபட்ட கதவை அவர் இழுத்ததும் மூட்டை அவிழ்ந்து, வழவழவென்று சோப்புகள் வந்து விழுந்தன.

ஒன்று வழுக்கிக்கொண்டு போய் மனைவியின் காலடியில் நின்றது.

"அப்போ சத்தியம்?" என்றாள் அவள், பையைக்கூடக் கீழே வைக்காமல்.

"கடைசித் தடவை..."

"பொண்ணு முக்கியமா, சோப்பு முக்கியமா? உங்களுக்குப் பயம்னா வீடே கிடங்கா மாறணுமா? நானும் அதே பஞ்சத்துலதான் வளர்ந்தேன், நான் இப்படியா அலையறேன்?" மகள் பக்கம் திரும்பினாள். "கிளம்பு, துணியை எடுத்து வை."

மெக்கானிக் தலைகுனிந்தார். அப்போது கீழ் வீட்டுப் பெண் மூச்சு வாங்க மாடியேறி வந்து, வாசலில் நின்று மனைவியைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, மேலேருந்து தண்ணி கொட்டுது. போன மாசம் நீங்க கொண்டுவந்து வெச்சது, இப்போ வெச்சுட்டு வந்தது, உங்க சோப்புப் பெட்டி எல்லாத்தையும் நனையாம எங்க கட்டில் மேல ஏத்திட்டேன். இனிமே நாங்க எங்கக்கா படுக்கறது?"