சீல் பிரியாத பெட்டி

பெட்டியின் பின்பக்கம் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தது.

அறிவரசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் மூலைக்கு மூலை கிழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையும் அதுவுமாகக் கூச்சல் போட்டான்.

"செல்வி! வூட்டுல எலி பூந்திருக்கு!"

வெற்றிச்செல்வி கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். "எலி வந்தா அரிசி மூட்டைக்கு வரும். உங்க பொட்டிக்கு எதுக்கு வருது?"

"பின்ன இது எப்படிக் கிழிஞ்சுது?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "முள்ளங்கி புடுங்குற ஆட்டம்தானே? எங்கிட்ட குடுங்க, சரி பண்ணித் தரேன்."

"தொடாத! கைரேகை படும். அட்டையில நரி இருக்கு, நீ முள்ளங்கிங்கற. உனக்கு இதப்பத்தி என்னா தெரியும்?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

ரெட்டிபாளையத்தில் ஒரு சிமென்ட் ஆலை அலுவலகத்தில் அறிவரசனுக்கு வேலை. காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். சம்பாத்தியத்தில் பெரும்பங்கு வீடியோ கேம் டிஸ்க்குகளாக மாறி, பெட்டி பெட்டியாகக் கூடத்து அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட அவன் பிரித்ததில்லை. விளையாடுவது சின்னப் பிள்ளைகள் செய்கிற காரியம். பிரிக்காமல் வைத்திருப்பதுதான் ரசனை என்பது அவன் கட்சி. டிஸ்க்கைப் போட்டு ஆடுகிற கருவியும் டிவிக்குக் கீழே ஒன்று இருந்தது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைப்பான். வருஷத்துக்கு அதற்கு அந்த ஒரு வேலைதான் என்று நம்பியிருந்தான்.

டவுன்லோடு என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு ரத்தம் கொதிக்கும். "அது வெறும் காத்து. கம்பெனிக்காரன் நெனைச்சா நாளைக்கே புடுங்கிக்குவான். டிஸ்க்குன்னா நம்ம சொத்து. நம்மளக் கேக்காம எவனாவது அனுபவிக்க முடியுமா?" என்பான். கேட்பவர்கள் பெரும்பாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மாட்டிக்கொண்டவர்கள்.

இந்த மாதிரி ஆட்கள் ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். இரண்டு மாவட்டத்தில் சிலர் சேர்ந்து சங்கமே வைத்திருந்தார்கள். தலைவர் அரியலூர் உரக்கடை அண்ணாதுரை. திருட்டுத்தனமாக டவுன்லோடு செய்த குற்றத்துக்காக ரஞ்சித்குமார் என்ற உறுப்பினரைப் போன மாதம் ஈவு இரக்கமில்லாமல் நீக்கியவர். பிரித்த பெட்டி வைத்திருப்பவனுக்கும் அதே தண்டனைதான். அண்ணாதுரைக்கு அறிவரசனின் அலமாரி மேல் தனி மரியாதை. போன முறை வந்தபோது ஒவ்வொரு பெட்டியாகத் தடவிப் பார்த்து, "கம்பெனி சீல்னா இதுதான் தம்பி! நம்மூர்ல எவனுக்கு இப்படி மடிக்க வரும்?" என்று கண்கலங்கினார்.

அவர் இப்போது பதவியை விட்டு விலகுகிறார். அடுத்த தலைவர் அறிவரசன்தான். மதியம் வந்து இந்த ஜப்பான் நரிப் பெட்டியின் சீலை நேரில் பார்த்துவிட்டால் அறிவித்துவிடுவார். ஆபீஸில் ஒரு பயலும் மதிக்காத அறிவரசனுக்கு, வாழ்க்கையில் கிடைக்கப்போகிற ஒரே நாற்காலி அது.

முதலில் செல்லோடேப் ஒட்டினான். அது கோணலாக ஒட்டிக்கொண்டது. நேராக்குவதற்காக உரித்தபோது உறையும் ஒரு கை அகலத்துக்குக் கூடவே வந்தது.

பிளாஸ்டிக் சூட்டுக்கு இறுகும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். பிளாஸ்டிக் இறுகியது உண்மைதான். இறுகி, சுருண்டு, இஸ்திரிப் பெட்டியோடு ஐக்கியமாகிவிட்டது.

"கருகுற வாடை அடிக்குதே?" என்றாள் வெற்றிச்செல்வி உள்ளேயிருந்து.

"சட்ட தேய்க்கிறேன்."

"ஞாயித்துக்கிழமையா?"

மிச்சமிருந்த உறையையும் பிய்த்து எறிந்தான். நரி அம்மணமாக அவனைப் பார்த்துச் சிரித்தது. இனி ஒரே வழி பொய்தான். அண்ணாதுரைக்குப் போன் போட்டான்.

"அண்ணே, இன்னைக்கு வராதீங்க. பொட்டி இங்க இல்ல. செல்வி அவங்கம்மா வூட்டுக்கு, கீழப்பழுவூருக்கு எடுத்துட்டுப் போயிட்டா."

"அட, நான் இப்ப கீழப்பழுவூர்லதான் தம்பி நிக்கிறேன்! உர லோடு எறக்க வந்தேன். எந்தத் தெரு சொல்லு, எட்டிப் பாத்துடறேன்."

"இல்லண்ணே, இல்லண்ணே! அவ கெளம்பிட்டா. இங்கதான் வந்துக்கிட்டிருக்கா."

"எந்த பஸ்ஸு? நானும் ஸ்டாப்புலதான் நிக்கிறேன். தங்கச்சிக்கு சீட்டுப் போட்டு வெக்கிறேன்."

"பஸ் இல்லண்ணே... ஸ்கூட்டி."

வெற்றிச்செல்விக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அறிவரசன் போனை வைத்துவிட்டு நரியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். பிறகு வெளியே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அதற்கும் மனம் கேட்காமல் மறுபடி சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

அண்ணாதுரை வந்து கதவைத் தட்டியபோது, திறந்தது வெற்றிச்செல்வி. நைட்டி மேல் துண்டு, கையில் கரண்டி.

"என்னம்மா, ஸ்கூட்டியில அதுக்குள்ள வந்துட்டியா? வந்து சமையலும் ஆச்சா?" என்று அசந்துபோனார் அவர்.

வெற்றிச்செல்வி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது. சட்டை நாலு மூலையாகப் புடைத்திருந்தது.

"ஆமாண்ணே. கொஞ்சம் முடுக்கி வந்துட்டேன்."

"பொட்டி எங்கம்மா?"

"வெயில்ல ஓட்டிட்டு வரணுமேன்னு பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட தெரிஞ்ச கடையில பத்திரமா வெச்சிட்டு வந்தேன். இவரு போயி எடுத்துட்டு வருவாரு. நீங்க உக்காந்து சாப்புடுங்க, கருவாட்டுக் கொழம்பு."

கருவாடு என்றதும் அண்ணாதுரை உட்கார்ந்துவிட்டார். வெற்றிச்செல்வி அறிவரசனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"பஸ் ஸ்டாண்டுகிட்ட பூங்காவனம்னு ஒரு பொண்ணு, சீர்வரிசைத் தட்டு அலங்காரக் கடை வெச்சிருக்கு. தட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் பேப்பர் சுத்தி, சூட்டுக் காத்து அடிச்சு இறுக்கித் தரும். அங்க போங்க. என் பேரைச் சொல்ல வேணாம். சும்மா சுத்திக் குடுன்னு கேளுங்க, போதும்."

கல்யாணமான நாளிலிருந்து இவள் உருப்படியாகச் சொன்ன யோசனை இது ஒன்றுதான் என்று அறிவரசனுக்குத் தோன்றியது. நன்றி சொல்கிற வழக்கம் இல்லாததால் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

கடை முழுக்க முகூர்த்த நாள் வேலை. பழத்தட்டு, பலகாரத் தட்டு, பொம்மைக்குக் கட்டிய பட்டுப்புடவை என்று கால் வைக்க இடமில்லை. நடுவில் பூங்காவனம் ஒரு தேங்காய்த் தட்டுக்குச் சூட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். அறிவரசன் சட்டைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து நீட்டினான்.

"இதுக்கு ஒரு உறை போடணும்மா. கம்பெனியில போட்ட மாதிரியே இருக்கணும். ஒனக்குப் பழக்கமிருக்காது, நான் சொல்லச் சொல்ல மெதுவா செய்யி."

அவன் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் பேப்பரை அளந்து வெட்டி, ஓரம் மடித்து, காற்றை அடித்துத் திருப்பிப் போட்டிருந்தாள். உறை கண்ணாடிபோல் இறுகி நின்றது. ஒரு சுருக்கம் இல்லை. அறிவரசன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவன் அலமாரியில் இருக்கும் மற்ற பெட்டிகளுக்கும் இதற்கும் துளி வித்தியாசம் கிடையாது. நாற்காலி கைக்கு வந்துவிட்டது.

சந்தோஷத்தில் பிரசங்கமும் வந்துவிட்டது. "இது சாதாரணப் பொட்டி இல்லம்மா. இந்த மாதிரி என் வூட்டுல அலமாரி நெறைய இருக்கு. ஒண்ணைக்கூட இதுவரைக்கும் மனுசக் கை பிரிச்சதில்ல. டவுன்லோடு பண்றவனுக்கெல்லாம் இதோட அருமை எங்க தெரியப்போவுது?"

பூங்காவனம் மிஷினை அணைத்துவிட்டு, பெட்டியில் இருந்த நரியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெற்றிச்செல்வியக்கா வூட்டுக்காரரா சார் நீங்க? அக்கா ஒவ்வொரு பொட்டியா வெளையாடி முடிச்சிட்டு எங்கிட்டதான் கொண்டாந்து சுத்திக்கிட்டுப் போவாங்க. இந்த நரி ஆட்டம் மட்டும் முடிய இன்னும் பத்து நாளாவும்னாங்களே, அதுக்குள்ள முடிச்சிட்டாங்களா?"