லாக்கப்புக்கு ஆசைப்பட்ட ஆராய்ச்சி

மதுரையில் போலீஸ்காரர்களே பார்த்து ஒளிந்த ஆள் ஒருத்தர்தான். அவர் ரௌடி இல்லை. காலேஜிலிருந்து வந்தவர். போலீஸ் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி பண்ணினார். எங்களுக்கு அவர் பேரே 'ஆராய்ச்சி'தான்.

சிம்மக்கல்லில் ஸ்டேஷனுக்கு எதிரே என் டீக்கடை. எழுபதுகளின் கடைசி. தினம் வருவார். எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்பார்.

ஆடு திருடி மாட்டியவனிடம் கேட்டார். "திருடும்போது மனசுல என்ன ஓடுச்சுண்ணே?"

"ஆடு கத்தாம வரணுமேன்னு ஓடுச்சு சார்."

ஏட்டய்யாவையும் விடவில்லை. "பிடிச்சதும் ஏன் அடிக்கிறீங்க?"

"அடிக்கலேன்னா அவனே சந்தேகப்படுவான் சார்."

ஆராய்ச்சிக்கு ஒரே ஆசை. ஒரு நாளாவது லாக்கப்பில் இருந்து பார்க்கணும். இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "படிச்ச புள்ள நீங்க. என் வேலைக்கு வேட்டு வச்சிராதீங்க."

ஒருநாள் ஏட்டய்யாவின் சைக்கிளைக் காணோம். அதுவும் ஸ்டேஷன் வாசலில். ஊர் சிரிக்கும் முன்னே யாரையாவது பிடித்தாகணும். எதிர்க்கடைக்காரன் நான். பார்க்கவில்லை என்றேன்.

"எதுக்க நின்னுக்கிட்டு எம்புட்டு பொய்டா சொல்லுவ?"

இழுத்துப் போனார்கள். கன்னத்தில் ஒரு அறை. காது கொய்ங் என்றது. அடுத்து லத்தியை எடுத்தார் ஏட்டய்யா.

ஆராய்ச்சி ஓடி வந்தார். "சைக்கிளை எடுத்தது நான்தான். அண்ணனை விடுங்க. லாக்கப்பைத் திறங்க."

என்னை விட்டார்கள். லாக்கப்பைத் திறக்கவில்லை. அவருக்கு நாற்காலி போட்டார்கள். டீ வேற சொன்னார்கள். கொண்டுபோனவன் நான்தான். ஒரு கையில் டீ, ஒரு கை காதில்.

டீயைப் பார்த்ததும் அவருக்கு வந்ததே கோபம். "அவருக்கு அறை, எனக்கு டீயா? ஏன்?"

இன்ஸ்பெக்டர் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து ஏட்டய்யா சம்சாரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது. "காலைல நடந்தே வந்துட்டீகளா? சைக்கிளு வீட்டுலதான கெடந்துச்சு!"

இன்ஸ்பெக்டர் ஏட்டய்யாவை ஒன்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சியைப் பார்த்தார். "இனிமே ஸ்டேஷன் பக்கம் வராதீங்க சார்."

அதோடு ஆராய்ச்சி நின்றது. அம்புட்டு நாள் உழைப்பும் போச்சு.

ஊருக்கு பஸ் ஏறும் முன்னே கடைக்கு வந்தார். "வாரேண்ணே" என்றார்.

"பொய் சொல்லி இப்படிக் கெடுத்துக்கிட்டீகளே, ஏன் சார்?" என்றேன்.

சிரித்தார். போய்விட்டார்.

இப்பவும் கடையில் யாராவது "ஏன்?" என்றால், ஆத்துற டீயை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன்.