மெழுகு பாயும் மாரியப்பன் குரலும்

செல்போனைத் திட்டாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனிதர் விருதுநகரில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் தெரு மெழுகு பாய். தொழில், வத்தல் மண்டி. உயிர், நடுவீட்டில் வாயைப் பிளந்து நின்ற பித்தளைக் குழாய் மெஷின்.

இசைத்தட்டு வருவதற்கு முன்னால் பாட்டை மெழுகு உருளையில்தான் பதிந்தார்கள். பாயின் மெஷின் அந்தக் காலத்தது. டம்ளர் அளவு உருளை, அதைக் கீற ஓர் ஊசி. "தட்டுல எவனோ பாடுனத நாம கேக்கலாம், அம்புட்டுத்தான். உருளையில நாமளே பேசலாம்லே" என்பார் பாய். தட்டு சேர்க்கும் காரியாபட்டிக்காரர் ஒருவருடன் இதற்காகவே ஆறு வருஷம் பேச்சில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போன பாய், வாழ்த்தைச் சீட்டில் எழுதி நீட்டிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டு வந்தார்.

வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் குழாய்க்குள் பேசவைப்பார். உருளை தீர்ந்தால் பழைய குரலைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பதிவார். முதலில் சுரண்டப்பட்டவர் அவருடைய மாமனார்.

மாரியப்பனை மட்டும் சுரண்டவில்லை. அவனுக்குத் தாயில்பட்டியில் பட்டாசு வேலை. மழைக்கு அது நின்றால் பாய் மண்டியில் மூட்டை தூக்குவான். மனைவியிடம் சொல்வதுபோல அவன் பேசியது இவ்வளவுதான்: "முத்து, பாய் இதுக்குள்ள பேசச் சொல்றாக. வெக்கமா இருக்கு. சாயங்காலம் வந்திருவேன், கொளம்பு வச்சிரு." பாய் விழுந்து விழுந்து சிரித்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

அந்தக் கோடையில் மாரியப்பன் வேலை பார்த்த அறை வெடித்தது. உடல் வந்த பெட்டியைத் திறந்து முகத்தைக் காட்டவில்லை. காரியம் முடிந்ததும் அவன் மனைவி முத்துலட்சுமி பாயிடம் வந்தாள்.

"போன்ல போட்டோ கெடக்கு பாய். சத்தம் ஒண்ணுகூட இல்ல. அவுக பேசுனத ஒருக்கா போடுங்க."

"அது தொலைஞ்சு போச்சு தாயி."

மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அதே பதில். எனக்குப் பொறுக்கவில்லை. "அலமாரியில இருந்ததை நானே பாத்தேன். ஏன் பாய் இப்படிப் பண்றீக?" என்று சண்டைக்குப் போனேன்.

அவர் உருளையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கீறல்கள் ஏறக்குறைய அழிந்திருந்தன. "போடுறப்பல்லாம் ஊசி கொஞ்சம் தின்னுரும். தெரிஞ்சேதான் சிரிக்கிறதுக்குப் போட்டேன். இனி ஒரு தடவைதான் தாங்கும். அந்தப் புள்ள முகத்துல எப்படி முளிப்பேன்?"

செல்போனில் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். போனுக்கு அவர் தலையாட்டியது அன்று ஒருநாள்தான்.

முத்துலட்சுமி குழாய் அருகே போனைப் பிடித்தாள். யாரும் மூச்சுவிடக் கூடாது என்று பாய் எங்களை மிரட்டினார். கரகரப்புக்கு நடுவே மாரியப்பன் வெட்கப்பட்டான். 'சாயங்காலம் வந்திருவேன்' என்றதும் பாய் உடைந்துபோனார். "ஏலே மாரி, ஒன்னத் தேச்சுப்புட்டேன்லே" என்று வாய்விட்டு அழுதார். குழம்பு வைக்கச் சொன்னது அதில் அமுங்கிவிட்டது. மறுபடி ஊசியை வைத்தோம். இரைச்சல் மட்டும்தான் வந்தது.

போன மாதம் பாய் இறந்துபோனார். துக்கத்துக்கு வந்த முத்துலட்சுமியிடம் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. பாய் அளுகுறத வெட்டித் தாறோம்னு போன் கடையில சொன்னாக. வேண்டாம்னுட்டேன். எங்க வீட்டு ஆளுகள விட்டா, அவுகளுக்காக அம்புட்டு அளுதது பாய் ஒருத்தருதான்."

எனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஊரையே பேசவைத்த மனிதரின் குரல் என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.