வட்டத்தாரும் உடைந்த தட்டும்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் கடவுளின் விலாசம் தெரிந்த ஒரே தமிழர் வட்டத்தார்தான். பொதுவாக "மேலே இருக்கிறார்" என்று சொல்லித் தப்புகிற ஆள் இல்லை அவர். எத்தனை படி, எந்தப் பக்கத்துக் கதவு, யார் திறப்பார்கள் என்பது வரை சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அட்டையில் இருந்தது, வேறெங்கும் இல்லை. எது கையில் அகப்பட்டாலும் அதில் பத்து வட்டம் கீறுவார் என்பதால் ஊர் முழுக்க அவர் வட்டத்தார். குளித்துவிட்டு வந்தால் கண்ணாடி ஆவியில் பத்து வட்டம். ரொட்டிக்கு மா எடுத்து வைத்தால் மாவில் பத்து வட்டம். ஒருமுறை என் பஸ் டிக்கெட்டிலேயே கீறிவிட்டார். பரிசோதகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை நடுவழியில் இறக்கிவிட்டார்.

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். மூத்தவர் அவர்தான். ஊர்காவற்துறைக் கத்தோலிக்கர். பதினொரு வருஷமாக ஒரு வயதான பேராசிரியரைப் பராமரிக்கும் வேலை. அந்தப் பேராசிரியர் யூதர்களின் கபாலா என்ற ஞான மரபை ஆயுள் முழுக்கப் படித்தவர். அவருக்குப் பார்வை போனபின், சுவரில் தொங்கிய பெரிய படத்தைத் துடைத்துக்கொண்டே அதிலுள்ள பத்து வட்டங்களின் பெயரையும் வட்டத்தார் உரக்க வாசிக்க வேண்டும். பேராசிரியர் கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லுவார். பதினொரு வருஷம் தினமும் தூசி தட்டினால் யாருக்குத்தான் ஞானம் வராது?

அந்த ஞானம் மாலையானதும் எங்கள் குசினிக்கு வந்து சேரும்.

"முடிவில்லாத கடவுளை நேரை பார்க்க ஏலாது, தம்பி. கண் அவிஞ்சுபோம். அதுதான் அவர் தன்ரை வெளிச்சத்தைப் பத்துப் பாத்திரத்திலை ஊத்தி ஊத்திக் கீழை இறக்கிறார். வலப்பக்கம் ஹெஸெத், அள்ளிக் குடுக்கிற கை. இடப்பக்கம் கெவுரா, காணும் எண்டு மறிக்கிற கை."

"மறிக்கிற கை என்னத்துக்கு அண்ணை? குடுக்கிற கை மட்டும் இருந்தால் நல்லதெல்லே?"

"நேற்று நீ சொதிக்கு அள்ளிப் போட்ட உப்பை ஒருக்கா நினைச்சுப் பார்."

நான் உப்புப் போத்தலைத் தள்ளி வைத்தேன்.

"ரெண்டும் சந்திக்கிற நடு வட்டம் திஃபெரெத். அதுக்கு அர்த்தம் வடிவு. குடுக்கவும் தெரிஞ்சு மறிக்கவும் தெரிஞ்ச இடத்திலைதான் வடிவு வரும்."

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த நாள் வேலை முடிந்து வந்தால் குசினியே இடம் மாறியிருந்தது. பிரிட்ஜ் சாமான்களைப் பிடித்து வைப்பதால் இடப்பக்கம். அடுப்பு வெப்பத்தைக் கொடுப்பதால் வலப்பக்கம். சோற்றுப் பானை நட்டநடுவில், நாலு பேரும் தடுக்கி விழ வசதியாக. மற்ற இருவரும் கத்தினார்கள். வட்டத்தார் சிரித்தபடி சோறு போட்டார்.

கோவிலிலும் விஷயம் பரவியது. வட்டத்தார் வேறு சமயத்துக்குப் போய்விட்டார் என்று நாலு பெண்கள் ஃபாதரிடம் முறையிட்டார்கள். ஃபாதர் கூப்பிட்டு விசாரித்தார். வட்டத்தார் மிகப் பணிவாக ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"ஃபாதர், செபமாலையிலை ஒரு காரணிக்கத்துக்கு எத்தினை அருள்நிறை மரியே?"

"பத்து."

"பிறகென்ன ஃபாதர்?"

அதன்பிறகு ஃபாதர் அவரைத் தூரத்தில் கண்டாலே பக்கத்து வாசலால் போகப் பழகிவிட்டார்.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் நடந்தது இன்னும் மோசம். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க நாங்கள் வரிசையில் நின்று சன்னலுக்கு வந்தபோது, உள்ளேயிருந்த பெண் களைத்துப்போய், "எல்லாம் மேலேயிருந்து வரவேண்டும், என் கையில் ஒன்றுமில்லை" என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போகிற இடம் அது. வட்டத்தார் கண்கள் பளபளக்கச் சன்னலில் சாய்ந்து, கடைசி வட்டமான மல்கூத் பற்றி ஆரம்பித்துவிட்டார். மல்கூத் என்றால் அரசு. அதற்குச் சொந்த ஒளி கிடையாது, மேலுள்ள ஒன்பதிடமும் வாங்கித்தான் கொடுக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் மேலுள்ள வெளிச்சம் மனிதருக்கு வந்தே சேராது. "அம்மணி, நீங்கள்தான் அந்த மல்கூத்" என்றார். பின்னால் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். அந்தப் பெண் அவரை வெறித்துப் பார்த்தார், பிறகு முத்திரை குத்தினார். எனக்கும் சேர்த்துக் குத்தினார். வெளியே வந்ததும் வட்டத்தார், "கண்டியோ?" என்றார். நான் கண்டேன்தான், ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிக் கேலி செய்துகொண்டிருந்த என்னைத்தான் அவர் காப்பாற்ற வேண்டி வந்தது.

பொலிதேயாமா அரங்கத்துப் பக்கத்தில் ஒரு சின்யோராவின், அதாவது ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், வீட்டில் எனக்கு வேலை. சமையல், துப்புரவு, அவரைக் கைபிடித்து உலாவக் கூட்டிப்போவது. ஊரில் என் மனைவி இரண்டு வருஷமாக விசாவுக்குக் காத்திருந்தாள். சின்யோரா கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் அவளுடைய பத்திரம் நகரும். வேலை போனால் அவள் வரவும் போய்விடும். அந்த மாதம் பத்திரங்கள் கடைசி மேசைக்கு வந்திருந்தன.

அப்படியொரு காலையில்தான், எலுமிச்சம்பழங்கள் தீட்டிய பீங்கான் தட்டொன்றை என் கை தவறவிட்டது. எங்கள் வீடுகளில் உடைந்த பாத்திரத்தை ஒரு நிமிஷம்கூட உள்ளே வைத்திருக்க மாட்டோம், தரித்திரம் பிடிக்கும். ஆகவே சின்யோரா நித்திரை விட்டெழும்ப முன், அவருடைய நன்மைக்காகவே, துண்டெல்லாம் கூட்டி அள்ளித் தெருமூலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, நடந்ததைச் சொன்னேன். ஒரு சின்னத் துண்டுகூட வீட்டில் இல்லை என்று பெருமையாக வேறு சொன்னேன்.

சின்யோரா உட்கார்ந்துவிட்டார். "அது என் கணவர் கலியாணம் முடித்த வருஷம் தோளில் சுமந்து கொண்டுவந்த தட்டு. உடைந்தது போகட்டும். எறிய உனக்கு யார் சொன்னது? நாளைக்கு வரவேண்டாம்."

வீட்டுக்கு வந்து கதவில் சாய்ந்து அழுதேன். அன்று வட்டத்தாருக்கு விடுமுறை. எல்லாவற்றையும் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. என் வேலை போனதற்காக இல்லை.

"எறிஞ்சிட்டியோ? முழுவதையுமோ? உலகத்தின்ரை முதல் கதையே அதுதான் தம்பி! வெளிச்சத்தைத் தாங்க ஏலாமல் பாத்திரங்கள் வெடிச்சுப்போச்சு. பொறியெல்லாம் சிதறிக் கிடக்கு. மனிசர் பிறந்ததே அதைப் பொறுக்கத்தான். நீ பொறுக்கிக்கொண்டு போய்க் குப்பையிலை போட்டிட்டு வந்து நிக்கிறாய்! எழும்பு. கையுறையை எடு."

வியா மக்வேதா தெரு நெடுக அவர் ஓட, நான் பின்னால் ஓடினேன். குப்பை வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. அது பிந்தினால் தினமும் திட்டுகிற நான், அன்றைக்கு நடுத்தெருவில் சிலுவை அடையாளம் போட்டேன். நான் சைவக்காரன் என்பதை இங்கே சொல்லவேண்டும்.

வட்டத்தார் தொட்டிக்குள் தலைகீழாக இறங்கினார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. நாயோடு வந்த ஒரு மாது நின்று, "என்ன தொலைந்தது? தங்கமா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து, "ஒளி!" என்று குரல் வந்தது. அந்த மாது இரக்கப்பட்டுத் தன் போனிலுள்ள விளக்கைப் போட்டுப் பிடித்தார். அதுவும் உதவியாகத்தான் இருந்தது. மீன் செதிலுக்கும் கோப்பித் தூளுக்கும் நடுவிலிருந்து ஒவ்வொரு துண்டாக வந்தது. அவர் சேர்ட்டைக் கழற்றி விரித்து அதில் அடுக்கினோம்.

சின்யோரா கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார். "இது யார்?"

வட்டத்தார் பேசத் தொடங்கினார். அவருடைய இத்தாலிய மொழி பேராசிரியரிடம் கற்றது. நித்தியம், சாராம்சம் எல்லாம் தெரியும், கரண்டிக்குச் சொல் தெரியாது. பாத்திரங்கள் வெடித்த கதையைச் சொன்னபடியே துண்டுகளைக் கழுவினார், துடைத்தார், குசினி மேசையில் பரப்பினார், பசை கேட்டார். சின்யோரா திகைத்துப்போய்ப் பசையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே ஒரு துண்டை எடுத்துப் பொருத்தினார். மூன்று பேருமாக ஒரு மணித்தியாலம் குனிந்திருந்தோம்.

கடைசியில் ஒரு இடைவெளி. மிஞ்சியிருந்த துண்டு நீல நிறம். யாரோ எறிந்த வேறொரு தட்டுடையது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் பொருந்தியது.

"இது என்னுடையது இல்லை" என்றார் சின்யோரா.

"இல்லைத்தான், சின்யோரா. வேறெங்கோ உடைந்தது. இங்கே இடம் இருந்தது, வந்துவிட்டது."

சின்யோரா அந்த நீலத் துண்டைப் பார்த்தார். மேலாடை இல்லாமல், காதோரம் மீன் செதிலோடு நின்ற அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் கண்ணைத் துடைக்கும் வரைக்கும் நிறுத்தவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு வா" என்றார் என்னிடம். "இரண்டு பேரும் முதலில் போய்க் குளியுங்கள்."

அந்தப் பத்து வட்டமும் உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் எனக்காகக் குப்பைத் தொட்டிக்குள் தலைகீழாக இறங்கிய மனிதரை உண்மை என்று அறிவேன். அந்த நன்றியை அவரிடம் நேரே சொல்ல முயன்ற ஒவ்வொரு தடவையும் அவர் வேறு விளக்கம் தொடங்கிவிட்டதால், இங்கே எழுதுகிறேன்.

நாலு மாதத்தில் மனைவி வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்கு வட்டத்தாரும் வந்தார், மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேர்ட்டோடு. ஒரு வார்த்தையும் பேசாமல் அவளுடைய பெரிய பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் என் கையைச் சுரண்டினாள்.

"இவர் ஆர்?"

"என்ரை அண்ணர்."

"உங்களுக்கு அண்ணன் இல்லையே?"

"இப்ப இருக்கிறார்" என்றேன்.