வசனத்துக்கு ஆள் தேடுகிறவர்

வேதாகமம் வாசிக்கிறவர்களில் பல ரகம் உண்டு. இன்று நான் உங்கள் முன் நிறுத்துவது, வசனத்துக்கு ஆள் தேடுகிறவரை. இவருக்கு எந்த வசனமும் புரியாமல் போவதில்லை. புரிந்த மறுநொடியே அது யாருக்குப் பொருந்தும் என்பதும் புரிந்துவிடும். தனக்கென்று ஒரு வரி, போகட்டும், அரை வரி? கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறார். அடுத்தவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே இருபது வருடம் பழகிய கால். வேதாகமத்தின் முன்னும் அதே தோரணைதான். காலையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, வீட்டில் குழாயைக்கூடத் திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டுவிட்டு, பென்சிலைச் சீவுவார். சோம்பேறியைப் பற்றி வந்தால் ஓரத்தில் ‘மைத்துனன்’. பெருமை பிடித்தவனைப் பற்றி வந்தால் ‘எதிர்க்கடைப் பயிற்சிப் பள்ளிக்காரன்’. வாயாடியைப் பற்றி வந்தால் ‘இவள்’. இவள் என்றால் மனைவி.

இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர், தனித் தியானம்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வேதபாடக் கூட்டம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தம்பியும் வந்தார். அப்பாவை அடக்கம் செய்த அன்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்த் தகராறு. அதோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. அழைக்காமலே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சமாதானத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

பாடம் மன்னிப்பைப் பற்றி. அன்று பார்த்து அண்ணனின் கண்ணாடி உடைந்திருந்தது. புத்தகத்தை மனைவியிடம் நீட்டினார்.

“நீயே வாசி. சத்தமா வாசி, எல்லாருக்கும் கேக்கணும்.”

அந்த அம்மாள் சத்தமாகத்தான் வாசித்தார். வசனத்தை வாசித்தார், மூச்சு விடாமல், ஓரத்தில் இருந்ததையும் வாசித்தார். “தம்பி வந்து காலில் விழுந்தால் யோசிக்கலாம்.”



“அண்ணி, எனக்கு இன்னும் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார் தம்பி.

அந்த அம்மாள் பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டினார். “உங்களுக்குப் பதினேழு வரைக்கும் எண்ணிட்டேன். எனக்கு அதைவிட ஜாஸ்தி.”

“அண்ணனுக்கு?”

“தேடிட்டுதான் இருக்கேன்.”

“என் பேர் முதல் பக்கத்துலயே இருக்கே,” என்றார் நம்மவர். “இது என் புத்தகம்.”

தம்பி ஓசைப்படாமல் எழுந்து, அண்ணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மாள் புத்தகத்தை மூடிக் கணவர் மடியில் வைத்துவிட்டு, கொழுந்தனை வழியனுப்பத் தெருமுனை வரை போனார். கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும் வரை திரும்பவில்லை. தம்பி அதன்பிறகு அந்த வீட்டுப் படியேறவே இல்லை.

நம்மவர் என்ன செய்தார்? வெட்கப்பட்டாரா? ஒரு போன்? ஒரு வார்த்தை? மறுநாள் காலை, ஒட்டுப்போட்ட கண்ணாடியோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து, கலகக்காரர்களைக் கண்டிக்கும் வசனம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஓரத்தில் இடம் போதாததால் பொடி எழுத்தில், மனைவியையும் தம்பியையும் சேர்த்தே எழுதினார். மனம் லேசானது என்று சொன்னார்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு யாராவது நினைவுக்கு வந்திருப்பார். மாமாவோ, மேலதிகாரியோ, சபையில் முன்வரிசைக்காரரோ. அவருக்கு இதை அனுப்பினால் என்ன என்றும் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன், இதை உங்கள் கையில் கொடுத்து, “அவசியம் வாசிங்க” என்று சொன்னவர் யார் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.