மறுக்கா சிஸ்டர்

ஒரு முறை சொன்னால் எதையும் நம்பாத ஜீவன் இந்தப் பூமியில் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் மறுக்கா சிஸ்டர். சூரியன் கிழக்கே உதித்தால்கூட, "மறுக்கா ஒருக்கா உதிங்க, பாக்கறேன்" என்று மரியாதையாகச் சொல்லக்கூடியவர். கோவையில் நான் கொள்முதல் குமாஸ்தாவாக இருந்த ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ்.

அந்த மரியாதை மனிதர்களோடு நிற்காது. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்ததும் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் ஆக்சிஜன் அளவு தப்பாக வரும். "வெளிய வாங்க கண்ணு, நேரமாச்சுல்லங்க" என்று குமிழியிடமே கெஞ்சுவார். அதுவும் வந்துவிடும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கட்டிலருகிலேயே சொல்லும் கையடக்க மெஷின் வாங்க முடிவானது. மூன்று கம்பெனிகள் வந்தன. எடை, நீளம், வேகம் என்று கட்டம் போட்டு ஒப்பிட்டு, பெருமையோடு சிஸ்டரிடம் நீட்டினேன்.

"இதுல ஊசி யாரு கையில குத்தும்னு போடலீங்களே?"

"அது மெஷின் இல்லீங்க சிஸ்டர், சிரிஞ்சு."

"ரத்தம் என்னங்க, நடந்தா வருது மிசினுக்கு?"

எடுத்த ஊசிக்கு மூடி போடப்போய் விரலில் குத்திக்கொண்டு, பரிசோதனை முடிவு வரும்வரை சோறு தண்ணி இல்லாமல் திரிந்த நர்சுகளை அவர் பார்த்திருக்கிறார். ஊசியைத் தானே மூடிக்கொள்ளும் சிரிஞ்சும் என் பட்டியலில் ஏறியது.

அடுத்து மெஷின்கள். சிஸ்டர் வீடு சோமனூரில். வீட்டை ஒட்டி விசைத்தறிக் கூடம். மூன்று மெஷின்களையும் கூடையில் வைத்து, டை கட்டிய மூன்று விற்பனையாளர்களையும் காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டார். மெஷினுக்குக் காவலாக நானும் போனேன்.

"தூக்கிட்டுப் போற மிசின்னு சொன்னீங்கல்லங்க. நம்ம ஆம்புலன்சு வெள்ளகோவில் வரைக்கும் போகுது. அங்க ஆடறத இங்கயே ஆடட்டும்."

தறிகள் ஓடின. மெஷின் வைத்த ஸ்டூல் குதித்தது. சோதிக்க ரத்தம் வேண்டுமே?

"உங்க மிசினு, உங்க ரத்தம். அதானுங்க மொற" என்றார்.

ஒருவருக்கு அந்த நிமிடமே அவசர போன் வந்தது. இன்னொருவருடைய மெஷின் ஆட்டம் தாங்காமல் அணைந்தது; ஊசியைப் பார்த்து அவரும் அணைந்தார். மூன்றாமவர் கண்ணை மூடிக் கையை நீட்டினார். மெஷின் எண் சொன்னது. "மறுக்கா" என்றார் சிஸ்டர். பாவம், மறு கையையும் நீட்டினார். இரண்டு எண்ணும் ஒத்துப்போனதால் அதையே வாங்கினோம்.

ஆறு மாதம் கழித்து மூச்சுத் திணறலோடு என் மனைவி அதே பிரிவில் படுத்திருந்தாள். புது டாக்டர் ரத்தம் எடுத்தார். ஆக்சிஜன் படுபாதாளத்தில் இருந்தது. தொண்டையில் குழாய் போட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். எனக்கு என் பெயரே மறந்துவிட்டது.

சிஸ்டர் வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டர், விரல்ல தொண்ணூத்தாறு காட்டுது. அம்மணி பேசவும் பேசறாங்க. ஊசி தமனிக்குத்தான் போச்சுங்களா? மறுக்கா எடுத்துப்போடலாங்களா?"

சிஸ்டரே எடுத்தார். குமிழியை வழியனுப்பிவிட்டு மெஷினில் விட்டார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. எண் வந்தது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. முதலில் எடுத்தது தமனி ரத்தமே இல்லை, பக்கத்துச் சிரையில் வந்தது; அதில் ஆக்சிஜன் எப்போதுமே குறைவுதான். குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது அவர் குரலிலும் நிம்மதி தெரிந்தது.

நின்றபடியே எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அழுவறதுன்னா உக்காந்து அழுவுங்க. நின்னுட்டு அழுது உழுந்துபோட்டீங்கன்னா, உங்களுக்கும் ஒரு கட்டில் தேடோணும்" என்றார்.

உட்கார்ந்து அழுதேன். முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார்.

இத்தனை கிண்டல் செய்கிற நான், வேறு யாராவது அவரைக் கிண்டல் செய்தால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடுவதில்லை.