பத்தடி தூரம்

"நைனா, உன் மிஷினை இன்னிக்கே அங்கேர்ந்து எடு. இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணு!" என்றாள் வீட்டுக்காரி கௌரியம்மாள். "அது வுடற அனல் நேரா என் சமையல்கட்டு வென்டிலேட்டர்லதான் பூருது. இட்லி மாவு புளிச்சுப் பொங்கித் தரையெல்லாம் ஓடுது!"

வாடகைக்குக் குடியிருந்த தணிகாசலம் அவசரமாகத் தலையாட்டினான். திருத்தணியில் ஆறு மாதம் அலைந்து பிடித்த வீடு அது. மச்சான் மெட்ராஸ் ஏலத்தில் எடுத்துக் கொடுத்த பழைய ஏ.சி.யை முந்தாநாள்தான் மாட்டியிருந்தான்.

மிஷின் எந்த ஜன்னலுக்கும் வென்டிலேட்டருக்கும் பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தான். டேப் பிடித்து அளந்தான். சந்தேகம் வந்து மறுபடி அளந்தான். ஒயர்மேன் சேட்டு அதைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினான்.

மறுநாள் கிழக்குப் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கஜபதி வந்தார்.

"இன்னா சார், உங்க மிஷின் சூட்டுல பாவு நூலு பட்டு பட்டுனு அறுந்துகினே இருக்குது. நான் லுங்கி நெய்யறதா, கோமணம் நெய்யறதா?"

மிஷின் பின்பக்கம் போனது. அடுத்த நாளே கௌரியம்மாள் ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"பாத்ரூம் ஜன்னல்ல அனலு! பக்கெட் தண்ணி கொதிக்குது. என்னை இன்னா, வெள்ளாவில வெச்சு அவிக்கப் போறியா?"

உள்ளே அவன் மனைவி பத்மா கம்பளிக்குள் சுருண்டிருந்தாள்.

"இன்னாங்க, கொஞ்சம் கொறைங்க. கை காலெல்லாம் வெறைச்சுப் போவுது."

தணிகாசலத்துக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. தனக்குக் காய்ச்சலோ? ஒரு மாத்திரையை விழுங்கினான். இன்னும் அதிகமாக வியர்த்தது.

மறுபடி அளந்து பார்த்தான். எல்லாத் திறப்புகளுக்கும் பத்தடி தள்ளிய இடம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது: கொல்லைக் கிணற்றின் நடுமையம்.

"அம்மா, நீங்களே ஓர் இடம் காட்டுங்க" என்று கையைக் கூப்பினான்.

கௌரியம்மாள் தெருப்பக்கம், கூரையை ஒட்டிய உயரத்தைக் காட்டினாள். சேட்டு மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் தெருவிலிருந்து அண்ணாந்து முகத்தைக் காட்டிப் பார்த்தாள்.

"ஆங், இப்பதான் அனலு மேல போவுது. நீ இருந்துக்கோ நைனா."

"என் நூலுக்கும் உசுரு வந்துச்சு சார்" என்றார் கஜபதி.

தணிகாசலம் பெருமூச்சு விட்டான். சேட்டு ஏணியிலிருந்தபடியே கேட்டான்:

"எடம் முடிவாயிடுச்சு இல்ல சார்? அப்போ குளிர் பண்ற மோட்டாருக்கும் லைன் குடுத்துடட்டா? இத்தினி நாளா வெறும் ஃபேன்தான் ஓடிகினு இருந்துச்சு."